ரெஃபரன்ஸ் அலமாரியா, புக் பேங்கா, ஜெராக்ஸ் கட்டா?

பிள்ளைச்சாவடியில் 1984இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி, 2020இல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆனது. அங்கேயும், அருகே காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்திலும் பாடம் எடுக்கிறவர்கள் செமஸ்டர் தொடங்கும்போது யோசிக்க வேண்டிய கேள்வி இது: வகுப்பில் அறுபது பேர், நூலகத்தில் மூன்றே பிரதி என்றால் என்ன செய்வது?

மூன்றையும் ரெஃபரன்ஸ் அலமாரியில் வைத்து, வெளியே கொடுக்காமல் அங்கேயே படிக்கச் சொல்லலாம். நகலே எடுக்காததால் பதிப்புரிமைச் சிக்கல் கிடையாது. விடுதிப் பிள்ளைகளுக்கு இது சரி. பாகூரிலிருந்து பஸ் மாறி வருகிறவளுக்கு இது உதவாது. கடைசி வகுப்பு முடிந்ததும் அவள் பஸ்ஸுக்கு ஓட வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் வில்லியனூர், பாகூர்ப் பக்கம் என்றால் அலமாரியை மட்டும் நம்பாதீர்கள்.

ஒரே நூலை வைத்துக் கணக்குப் போட்டுப் போட்டுப் பழக வேண்டிய பாடமா? புக் பேங்க்தான் நல்லது. செமஸ்டர் முழுக்க நூல் கையில் இருக்கும். பெரும்பாலும் பழைய பதிப்புதான் கிடைக்கும், கணக்கு எண்கள் மாறியிருக்கும். எண்ணைச் சொல்லாமல் கணக்கையே கரும்பலகையில் எழுதிவிட்டால் அந்தக் குறை தீர்ந்துவிடும்.

ஐந்தாறு நூல்களிலிருந்து ஓரிரு அத்தியாயம் வீதம் தேவைப்படும் பாடத்துக்கு நான் சொல்வது ஜெராக்ஸ் கட்டு. இதற்குத்தான் ஆசிரியர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியதில்லை. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை இப்படிக் கட்டுகள் போட்டுக் கொடுத்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடுத்தன. 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. டிசம்பரில் மேல்முறையீட்டு அமர்வு, கட்டில் இருப்பவை பாடத்துக்குத் தேவையானவைதானா என்று விசாரிக்க வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றன. பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவு, கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பதை அனுமதிக்கிறது. நகலைக் கடைக்காரர் போட்டுக் கொடுத்தாலும் அந்த அனுமதி போய்விடாது. இத்தனை சதவீதம் என்ற வரம்பும் அதில் இல்லை. பத்து சதவீதக் கணக்கெல்லாம் அமெரிக்க நூலகங்களின் பழக்கம். அதைப் படித்துவிட்டு இங்கே கையைக் கட்டிக்கொள்வது பிள்ளைகளுக்குத்தான் நஷ்டம்.

நம் அளவுகோல், பாடத்துக்கு அது தேவையா என்பது. ஆகவே பாடத்திட்டத்தின் எந்த அலகுக்கு எந்த அத்தியாயம் என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். நூல், ஆசிரியர் பெயரையும் போடுங்கள். நடத்தாத அத்தியாயத்தைச் சேர்க்காதீர்கள்.

பிடிஎஃப் விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும். டெல்லி வழக்கு காகித நகலைப் பற்றியது. உங்கள் மாணவர் மட்டும் பார்க்கும்படி அத்தியாயத்தை வைப்பது வேறு, முழு நூலையும் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி இணையத்தில் போடுவது வேறு. இரண்டாவதைப் பாடம் நடத்துவது என்று சொல்ல முடியாது. ஆய்வுக் கட்டுரை என்றால் நகலெடுக்கவே வேண்டாம்: அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கான 'ஒரே நாடு ஒரே சந்தா' 2025 ஜனவரியில் தொடங்கியது, ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அதில் உண்டு. பாடநூல்கள் அதில் வராது. உங்கள் நிறுவனத்துக்கு லாகின் வந்திருக்கிறதா என்று நூலகரைக் கேளுங்கள்.

வகுப்பில் பார்வையற்ற மாணவர் இருந்தால் இந்தத் தயக்கம் எதுவும் வேண்டாம். 2012 திருத்தம் அவர் படிக்கக்கூடிய வடிவத்துக்கு நூலை மாற்ற வழிசெய்திருக்கிறது. அவருக்காக முழு நூலையும் ஸ்கேன் செய்து, கணினி வாசித்துக் காட்டும்படி மாற்றிக் கொடுக்கலாம். அதற்கு நேரம் பிடிக்கும். செமஸ்டர் தொடங்கும் முன்பே நூலகத்தில் சொல்லிவிடுங்கள்.