அம்மாவின் அறைக்கு இரண்டாவது வழி எது?



வீட்டை விரிவாக்க உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் அடிக்கடி ஒரே காரணத்தைப் பார்க்கிறோம். அத்தாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியவில்லை. அல்லது அம்மா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். அதனால் கீழே ஒரு படுக்கையறை வேண்டும் என்கிறார்கள். பெற்றோருக்காகக் கட்டும் அறை நன்மையான காரியம்தான். ஆனால் அந்த அறையைக் கட்டும்போது கேட்க வேண்டிய ஒரு கேள்வியை நாம் கேட்காமல் விட்டிருக்கிறோம். இந்தப் பாடம் அதைப் பற்றியது.

சில ஆண்டுகளுக்கு முன் நாமக்கல் பக்கம் ஒரு குடும்பத்துக்கு நாமே பணம் கொடுத்தோம். இடம் இல்லாததால் சமையல்கட்டின் பின்வாசலை ஒட்டி, கொல்லைப்புறத்தில் அறை எழுந்தது. சுவரைப் பார்த்தோம், தரையைப் பார்த்தோம், பில்லைச் சரிபார்த்தோம். அறைக்குப் போக வர சமையல்கட்டு ஒன்றே வழி என்பதும், ஜன்னல் கிரில் சுவரோடு சேர்த்துப் பூசப்பட்டிருப்பதும் நம் கண்ணில் படவில்லை. ஒரு நாள் ஃபஜ்ர் நேரத்தில் கேஸ் ட்யூப் கசிந்து தீப்பிடித்தது. பக்கத்து வீட்டார் கொல்லைப்புறம் ஓடினார்கள். ஜன்னல் வழியே கையை நீட்டி அந்தத் தாயின் கையைப் பிடிக்க முடிந்தது. அவரை வெளியே எடுக்க முடியவில்லை. மகன் ஈரச் சாக்கைப் போட்டு ரெகுலேட்டரை மூடியதால், அல்ஹம்துலில்லாஹ், உயிர் தப்பியது. அதில் நமக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொண்டே இதை எழுதுகிறோம்.

தீ கற்றுக்கொடுத்த இரண்டு பாடங்கள்

2001 ஆகஸ்ட் 6 அன்று விடியும் முன், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கீற்றுக் கொட்டகை எரிந்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைப் பறித்தது.

இரண்டு இடத்திலும் எரிந்தது கீற்று. ஆனால் இத்தனை உயிர்கள் போனதற்குக் காரணம், உள்ளே இருந்தவர்கள் நேரத்தில் வெளியேற முடியாமல் போனதும்தான். நம் வீட்டில் சங்கிலி இல்லை. ஆனால் நடக்க முடியாத தாய்க்குத் திறக்காத கிரில்லும் அதே வேலையைத்தான் செய்யும்.

விதி எதைக் கேட்கிறது?

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 நம் மாநிலம் முழுவதற்கும் பொருந்தும். பழைய வீட்டுக்கு வாங்கிய வரைபட அனுமதி புதிய அறைக்குச் செல்லாது. மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி எதுவானாலும், அஸ்திவாரம் தோண்டும் முன் அங்கே அனுமதி பெற வேண்டும். வீட்டைச் சுற்றிக் காலியிடம் விடச் சொல்வது காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் மட்டுமல்ல. தீ பக்கத்து வீட்டுக்குத் தாவாமல் இருக்கவும், உதவிக்கு வருபவர் உள்ளே நுழையவும் அதுவே வழி. அந்தச் சந்தை அடைத்து அறை கட்டினால் அண்டை வீட்டாரின் உரிமையிலும் கை வைக்கிறோம்.

இங்கிலாந்துக் கட்டட விதியில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. இன்னொரு அறையைத் தாண்டித்தான் போக முடியும் என்ற நிலையில் உள்ள கீழ்த்தளப் படுக்கையறைக்குத் தப்பிக்கும் ஜன்னல் வேண்டும் என்கிறார்கள். திறந்தால் கிடைக்கும் இடைவெளி 0.33 சதுர மீட்டர், அதாவது சுமார் மூன்றரை சதுர அடி இருக்க வேண்டும். அகலமும் உயரமும் 450 மில்லிமீட்டருக்கு, அதாவது ஒன்றரை அடிக்குக் குறையக் கூடாது. திறக்கும் பகுதியின் அடிப்பக்கம் தரையிலிருந்து 1100 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இது நம் நாட்டுச் சட்டம் அல்ல. ஆனாலும் மேஸ்திரியிடம் சொல்ல நல்ல அளவு. நடக்க முடியாதவரைத் தூக்கி இறக்க வேண்டுமென்றால் இதைவிடப் பெரிதாகவே வையுங்கள்.

கட்டும் முன் பார்க்க வேண்டியவை

1. அறையின் கதவு கூடத்துக்கோ, முடிந்தால் நேராக வெளியிலோ திறக்கட்டும். சமையல்கட்டு வழியே மட்டும் போகும் அறை வேண்டாம். கதவு மூன்றடி அகலம் இருந்தால் சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். நிலைப்படியைத் தரையோடு சமமாக்குங்கள்.

2. ஒரு ஜன்னலின் கிரில்லாவது கீல் வைத்துத் திறப்பதாக இருக்கட்டும். திருட்டுப் பயத்துக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போதும். பூட்டுத்தான் வேண்டுமென்றால் சாவி அதே ஜன்னலருகே, வெளியிலிருந்து கை எட்டாத இடத்தில் தொங்கட்டும். கட்டிலாலும் பீரோவாலும் அந்த ஜன்னலை மறைக்காதீர்கள்.

3. நம் பகுதி வெயிலுக்குப் பயந்து அட்டைக் கூரையின் கீழ் தெர்மாகோல் பதிக்கிறார்கள். தீப்பிடித்தால் அது உருகி எரிந்து நச்சுப்புகை கக்கும். கூரையின் மேல் சுண்ணாம்பு அடிப்பதே சூட்டைக் குறைக்கும். கீற்று வேண்டவே வேண்டாம்.

4. புதிய அறைக்குப் பழைய ஒயரில் இழுத்துக் கொடுக்காமல் தனி இணைப்பும் எம்.சி.பி.யும் போடுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மின் அதிர்ச்சியிலிருந்தும் காக்கும்.

5. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது; தரையோடு படியும். சிலிண்டரை நிமிர்த்தியே, பள்ளமில்லாத இடத்தில் வையுங்கள். கசிவு வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906 எண்ணை அழையுங்கள். தீக்கு 101 அல்லது 112.

6. தறி வைத்திருக்கும் வீடுகளில் நூல் மூட்டைகளையும், மின்சார ஸ்கூட்டர் சார்ஜரையும் வெளியேறும் வழியில் வைக்க வேண்டாம். புகை வந்தால் கத்தும் கருவி ஒன்றைக் கூடத்து மேற்கூரையில் பொருத்துவது நல்லது.

இரவில் உறங்கும்போது வீட்டில் நெருப்பை எரியவிடக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். மதீனாவில் ஒரு வீடு இரவில் எரிந்த செய்தி வந்தபோது சொன்னது அது. அடுப்பை அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கொசுவத்தியைத் துணிமணிகளிலிருந்து தள்ளி வைப்பது நம் காலத்தில் அந்தக் கட்டளையின் அமல்.

இனி நம் விரிவாக்க உதவியின் இரண்டாம் தவணை, கதவு எங்கே திறக்கிறது, கிரில் திறக்கிறதா என்று நேரில் பார்த்த பிறகே கொடுக்கப்படும். இதைத் தாமதம் என்று எண்ண வேண்டாம். கிரில்லுக்குக் கீல் வைக்கும் வெல்டிங் கூலிக்குப் பணம் போதாதவர்கள் நம்மிடம் தயங்காமல் கேளுங்கள். அதையும் உதவியில் சேர்த்துக்கொள்வோம்.

ஏற்கெனவே அறை கட்டியவர்கள் இன்று இஷாவுக்குப் பிறகு ஒரு காரியம் செய்யுங்கள். சமையல்கட்டு எரிகிறது என்று வைத்துக்கொண்டு, விளக்கை அணைத்து, அம்மாவின் கட்டிலிலிருந்து தெருவுக்கு எந்த வழியாகக் கொண்டுபோவீர்கள் என்று நடந்து பாருங்கள். வழி கிடைக்காவிட்டால் நாளையே வெல்டரைக் கூப்பிடுங்கள்.

அல்லாஹ் நம் வீடுகளையும் அதில் உறங்குபவர்களையும் காப்பானாக. ஆமீன்.