உன் மதுரை எங்கும் போகாது

கே.கே. நகர்,
மதுரை – 20.

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. பரீட்சையைப் பற்றி ஒரு வரி, அம்மாவின் மூட்டுவலியைப் பற்றி அரை வரி, மீதிப் பக்கங்கள் முழுக்க அந்த நகரம் கட்டும் கணினி விளையாட்டு, சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ். ஹாஸ்டல் சாப்பாடு எப்படி என்று எழுத இடமில்லாமல் போய்விட்டது உனக்கு. இருக்கட்டும், கேட்டது நல்ல கேள்விதான். முதல் பாகத்திலேயே இருந்துவிடட்டுமா, இரண்டாவதுக்கு மாறட்டுமா, மாறினால் நான் கட்டின மதுரை என்ன ஆகும், இப்போது விளையாட்டும் வேறு கம்பெனி கைக்கு மாறிவிட்டது, மூன்றாவது என்று ஒன்று வந்தால் அதையும் கெடுத்துவிடுவார்களா அக்கா என்கிறாய்.

முதலில் மதுரை. அதற்காகத்தான் இத்தனையும் எழுதியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? முதல் பாகத்தில் சேமித்த நகரத்தை இரண்டாம் பாகத்தில் திறக்க முடியாது. மாற்றித் தரும் வழியும் கிடையாது. சாலையை வரையும் முறை, நிலத்தைக் கட்டமாகப் பிரிக்கும் முறை, மனிதர்களைக் கணக்கிடும் முறை என்று அடியிலிருந்து எல்லாமே வேறு. சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாக நீ போட்ட ஊர், வைகைக்குக் குறுக்கே ஏ.வி. பாலம், இந்தப் பக்கம் நம் கே.கே. நகரும் வண்டியூர்க் கண்மாயும், நத்தம் சாலைக்கு மேலே 7.3 கிலோமீட்டர் நீளத்துக்குப் போகும் அந்தப் பறக்கும் பாலம், எல்லாம் முதல் பாகத்திலேயேதான் இருக்கும். ஆனால் இருக்கும். அதை யாரும் உன் கணினியிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகவில்லை. இரண்டாம் பாகம் வந்ததும் முதல் பாகம் செத்துவிட்டது என்று நினைக்கிறாய் பார், உன் முதல் தப்பு அதுதான்.

"விளையாட்டுதானே, இதற்கு ஏன் இவ்வளவு மனக்கஷ்டம்?" என்று உன் அறைத்தோழன் கேட்டானாம். அவன் கதை விளையாட்டு ஆடுகிறவன். வில்லன் விழுந்ததும் அவனுக்கு வேலை முடிந்தது. அடுத்த பாகம் வந்தால் புதுக் கதை என்று சந்தோஷப்படுவான். சிமுலேஷனுக்கு முடிவு கிடையாது. நீ நிறுத்தும்வரை ஊர் வளர்ந்துகொண்டே இருக்கும். அப்படி முடியாத ஒன்றுக்கு வெளியிலிருந்து ஒரு கம்பெனி வந்து முற்றுப்புள்ளி வைப்பதுபோல அடுத்த பாகத்தை அறிவிக்கிறது. உனக்கு வலிப்பது அங்கேதான். அவனிடம் இதைச் சொல், புரிந்துகொள்வான்.

அடுத்த பாகம் கெடுத்துவிடுமோ என்ற உன் பயம் சும்மா வந்ததில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். நகரம் கட்டும் விளையாட்டுகளைப் பிரபலமாக்கியது 1989-இல் வந்த சிம்சிட்டி. அதன் நான்காம் பாகம் 2003-இல் வந்தது. இன்றும் அதைக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. பிறகு 2013 மார்ச்சில் வெறும் சிம்சிட்டி என்ற பெயரிலேயே ஒரு புதுப் பாகம் விட்டார்கள். தனியாக ஆடினாலும் இணையம் கட்டாயம். வெளியான அன்றே சர்வர்கள் படுத்துவிட்டன. காசு கொடுத்தவர்கள் உள்ளே போக முடியாமல் நின்றார்கள். உள்ளே போனவர்களுக்குக் கிடைத்த நிலமோ பக்கத்துக்கு இரண்டு கிலோமீட்டர்தான். கோயிலிலிருந்து நம் கே.கே. நகர் வருவதற்குள் எல்லை வந்துவிடும்! இணையம் இல்லாமல் ஆடும் வசதி வர ஒரு வருடம் ஆயிற்று. அதற்குள் மனம் வெறுத்துப் போனவர்கள் போய்விட்டார்கள். 2015 மார்ச்சில் அதைச் செய்த மேக்ஸிஸின் எமரிவில் ஸ்டூடியோவை மூடினார்கள். மூடிய சில நாட்களில், மார்ச் 10 அன்று, பின்லாந்தின் தாம்பரே நகரத்தில் இருந்த கொலாசல் ஆர்டர் என்ற சின்னக் கம்பெனி செய்த உன் ஸ்கைலைன்ஸ் வெளியானது. நீ இன்று உயிராய் நேசிக்கிற விளையாட்டே, ஒரு மோசமான அடுத்த பாகம் விட்டுப்போன இடத்தில் முளைத்ததுதான் தம்பி.

இங்கே உன்னை இரண்டு வார்த்தை கடிந்துகொள்ள வேண்டும். "முதல் பாகத்தில் எல்லாம் இருந்தது, இரண்டாவதில் சைக்கிள்கூட இல்லாமல் விற்றார்கள்" என்று எழுதியிருக்கிறாய். முதல் பாகம் வெளியான நாளில் அதிலும் சைக்கிள் இல்லை. 2015 செப்டம்பரில் ஆஃப்டர் டார்க் என்ற கூடுதல் தொகுப்போடுதான் வந்தது. இரவும் பகலும் மாறுவதே அப்போதுதான். சுரங்கப்பாதை மே மாதத்தில் ஒரு இலவச அப்டேட்டில். டிராம் 2016-இல். படகும் மோனோரயிலும் 2017-இல். நீ வாங்கியது தள்ளுபடியில், பல வருடங்கள் கழித்து, எல்லாம் சேர்ந்த பிறகு. போதாததற்கு மோட்கள். ஒன்பது கட்ட நிலத்தை எண்பத்தொன்றாக்கியது யார்? சிக்னலையும் லேனையும் உன் இஷ்டத்துக்கு மாற்ற வழி செய்தது யார்? ஒரு கட்டடத்தைப் பிடித்து ஓரடி நகர்த்தும் மூவ் இட்? கம்பெனி இல்லை, சம்பளம் வாங்காத ஆட்கள், தங்கள் இரவுகளைப் போட்டுச் செய்தவை. போன வருடத்து ஆவக்காயையும் இன்றைக்குக் காலையில் போட்டதையும் ஒரே தட்டில் வைத்து ருசி பார்க்கிறாய். புதியது காரமாகவும் தனித்தனியாகவும்தான் இருக்கும்.

"அப்படியென்றால் அரைவேக்காட்டை முழு விலைக்கு விற்றதை நியாயப்படுத்துகிறாயா?" என்பாய். இல்லவே இல்லை. 2023 அக்டோபர் 24 அன்று இரண்டாம் பாகம் வந்த நிலையை இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. நினைத்த வேகத்தை எட்டவில்லை என்று செய்தவர்களே வெளியீட்டுக்கு முன்பு ஒத்துக்கொண்டார்கள், ஒத்துக்கொண்டும் விற்றார்கள். ஆர்டிஎக்ஸ் 3080 கிராஃபிக்ஸ் கார்டைப் பரிந்துரைத்தார்கள். அதை வைத்திருந்தவர்களுக்கும் திணறியது. ஒரு காரணம் தெரியுமா? தெருவில் எறும்பளவு தெரிகிற மனிதர்களின் வாய்க்குள் பல்வரிசை உட்பட முழுதாக வரைந்து, தூரத்திலிருந்து பார்க்கும்போதும் அதைக் குறைக்காமல் விட்டிருந்தார்கள். மே மாத வெயிலில், மின்விசிறி மட்டும் ஓடுகிற உன் அறையில், உன் மடிக்கணினி அந்தப் பற்களையெல்லாம் வரைந்திருக்க வேண்டும். மோட் வசதி வெளியீட்டு நாளில் இல்லை. ஐந்து மாதம் கழித்துச் சோதனை நிலையில் வந்தது. 2024 மார்ச்சில் பீச் பிராப்பர்ட்டீஸ் என்று ஒரு தொகுப்பை விற்று, எதிர்ப்பு தாங்காமல் மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்து, அதை இலவசமாக்கினார்கள். சைக்கிள் வர இரண்டு வருடம் ஆயிற்று. 2025 நவம்பரில் கொலாசல் ஆர்டரும் வெளியீட்டாளர் பாரடாக்ஸும் பிரிவதாக அறிவித்தார்கள். இனி விளையாட்டை அதே தாம்பரேயில் இருக்கும் ஐஸ்ஃப்ளேக் ஸ்டூடியோஸ்தான் பார்த்துக்கொள்ளும்.

கோபப்படு, தப்பில்லை. ஆனால் அந்தக் கோபத்தில் உன் நண்பன் எழுதியதாக நீ பெருமையாகச் சொன்னாயே, செய்தவர்களின் பிறப்பு வளர்ப்பு வரை இழுத்துத் திட்டியதை, அது எனக்குப் பிடிக்கவில்லை. 2024 தொடக்கத்தில் கொலாசல் ஆர்டரின் தலைவி மரீனா ஹாலிகைனென், வசவுகள் தாங்காமல் தங்கள் ஆட்கள் ஆட்டக்காரர்களோடு பேசுவதையே குறைத்துக்கொள்ள நேரும் என்று வெளிப்படையாக எழுத வேண்டியிருந்தது. பேச்சு நின்றால் நஷ்டம் யாருக்கு? எந்தச் சந்திப்பில், எத்தனை மக்கள்தொகையில், எந்தப் பேருந்துத் தடம் திரும்பாமல் நிற்கிறது என்று சேவ் கோப்போடு எழுதி அனுப்பு. அப்படி எழுதுகிறவன் பேச்சுக்கு மரியாதை உண்டு.

இதைவிடப் பெரிய துக்கம் ஒன்று இருக்கிறது. நீ பள்ளியில் படிக்கும்போது ஆடினாயே, கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம். மெக்சிகோ நகரத்தில் ஸ்குவாட் என்ற கம்பெனி 2011-இல் தொடங்கி 2015-இல் முழுமையாக்கியது. ராக்கெட் ஏன் கிடையாகத் திரும்பினால்தான் சுற்றுப்பாதைக்குப் போகும் என்று எந்த வகுப்பும் உனக்குச் சொல்லித் தராததை அது சொல்லித் தந்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியபோது வீடே டிவி முன்னால் இருக்க, வேகம் குறையும் ஒவ்வொரு கட்டத்தையும் நீதான் எங்களுக்கு விளக்கினாய். அதே வருடம் பிப்ரவரியில் அதன் இரண்டாம் பாகம், வேறு ஸ்டூடியோ கையில், முன்னோட்டமாக விற்பனைக்கு வந்திருந்தது. பிற கோள்களில் குடியிருப்பு, நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் பயணம், நண்பர்களோடு சேர்ந்து ஆடுவது என்று வாக்குக் கொடுத்தார்கள். ஒன்றும் வரவில்லை. 2024-இல் ஸ்டூடியோவே கலைந்தது. பணம் போட்டவர்கள் கையில் அரைகுறைதான் மிச்சம்.

"இவ்வளவும் தெரிந்துகொண்டு, அடுத்த பாகமே வேண்டாம் என்று சொல்லேன்" என்கிறாயா? சொல்ல மாட்டேன். உன் மாட்டுத்தாவணி பேருந்து நிலைய வாசலையே எடுத்துக்கொள். நான்கு லேன் போட்டும் வண்டிகள் ஒரே லேனில் வரிசை கட்டி நிற்கின்றன என்று அழுதாயே. முதல் பாகத்தின் வண்டி புறப்படும்போதே வழியை முடிவு செய்துவிடும். பிறகு முன்னால் நெரிசல் வந்தாலும் அதை மாற்றாது. அங்கே ஒரே நேரத்தில் நடமாடக்கூடிய மனிதர்கள் 65,536 பேர், ஓடக்கூடிய வண்டிகள் 16,384. உன் மதுரைக்கு எத்தனை லட்சம் மக்கள் என்று மூலையில் எண் காட்டினாலும் அதற்கு மேல் ஒரு ஆள் தெருவுக்கு வர முடியாது. இது அஸ்திவாரத்தில் போட்ட எண். எந்த அப்டேட்டும் அதை மாற்றவில்லை. இரண்டாம் பாகத்தில் வண்டி ஓட்டுகிறவர் நேரத்தையும் செலவையும் சௌகரியத்தையும் கணக்குப் பார்த்து வழி எடுக்கிறார். அதைக் கொண்டுவர இன்னொரு விளையாட்டை எழுதத்தான் வேண்டும்.

நல்லபடி வந்ததையும் பார். சுவிட்சர்லாந்தின் ஜயன்ட்ஸ் கம்பெனி 2008-லிருந்து ஃபார்மிங் சிமுலேட்டரைப் பாகம் பாகமாக விட்டுக்கொண்டிருக்கிறது. கோதுமை, சோளம், சர்க்கரை பீட், டிராக்டர், எல்லாம் ஐரோப்பா, அமெரிக்கா. 2024 நவம்பரில் வந்த பாகத்தில்தான் நெல் வந்தது. வயலில் தண்ணீர் கட்டி, நாற்று நடலாம்; எருமை வளர்க்கலாம். மேலூர்ப் பக்கம் பெரியாறு கால்வாய்த் தண்ணீரில் நடவு பார்த்து வளர்ந்தவள் நான். இயந்திரத்தில்தான் நடுகிறார்கள் என்றாலும், திரையில் தண்ணீர் நின்ற வயலைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? பாகமே வேண்டாம் என்றிருந்தால் அது வந்திருக்காது.

பாகம் போடாமலே ஓட்டுகிறவர்களும் உண்டு. பிராக் நகரத்தின் எஸ்சிஎஸ் கம்பெனி 2012-இல் விட்ட யூரோ டிரக் சிமுலேட்டர் 2 இன்னும் அதே பெயரில் ஓடுகிறது. வரைபடம் நாடு நாடாக நீண்டுகொண்டே போகிறது, சேவ் அப்படியே இருக்கிறது. அதுவே நல்லது என்று உடனே முடிவு கட்டாதே. குடும்பம் நடத்தும் விளையாட்டான சிம்ஸ் 4, 2014-இல் நீச்சல்குளமும் தவழ்கிற குழந்தையும் இல்லாமல் வந்தது. குளம் இரண்டு மாதத்தில் வந்தது. குழந்தை வர 2017 ஜனவரி ஆயிற்று. ஐந்தாம் பாகம் இதை ஒதுக்கிவிட்டு வராது என்று இப்போது சொல்கிறார்கள், ஆடுகிறவர்களுக்கும் நிம்மதி. ஆனால் தொகுப்பு தொகுப்பாக வாங்கி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் செலவு தலை சுற்றும்.

இனி நீ என்ன செய்ய வேண்டும் என்பது. முன்பதிவு செய்யாதே. டிரெய்லர் அழகாக இருக்கிறது என்று செய்யாதே, முன்பதிவுக்கு ஒரு கோபுரம் இலவசம் என்றாலும் செய்யாதே. "பிடிக்கவில்லையென்றால் ஸ்டீமில் பணம் திரும்ப வாங்கிக்கொள்வேன்" என்று நீ சொல்வது உன் கேமுக்கு உதவாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால்தான் திரும்பத் தருவார்கள். நகரம் கட்டும் விளையாட்டில் இரண்டு மணி நேரத்தில் என்ன தெரியும்? ஐயாயிரம் பேர் ஊர் எந்தக் கேமிலும் அழகாகத்தான் ஓடும். லட்சம் பேர் ஆனபிறகு எப்படி என்று மற்றவர்கள் ஆடிக் காட்டும்வரை பொறு. ஒரு வருடம் போனால் விலையும் இறங்கும், பேட்சும் வந்திருக்கும்.

அதற்குள் முதல் பாகத்தைக் காப்பாற்று. சேவ் கோப்புகளை மட்டும் நகல் எடுத்தால் போதும் என்று நினைக்காதே. வொர்க்‌ஷாப்பிலிருந்து எடுத்த கட்டடங்களையும் மோட்களையும் சேர்த்து எடுத்து வை. செய்தவர் ஒருநாள் நீக்கிவிட்டால் உன் ஊர் திறக்காது, திறந்தாலும் பாதிக் கட்டடம் காணாமல் இருக்கும். எந்த மோட் எந்தப் பதிப்பு என்று ஒரு தாளில் எழுதி வை. புதிய பாகத்தை வாங்கினாலும் பழையதை அழிக்காதே. இடம் போதவில்லையென்றால் தீபாவளிக்கு வரும்போது சொல், என்னிடம் ஒரு ஹார்ட் டிஸ்க் சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொண்டு போ.

இரண்டாம் பாகத்தில் மறுபடியும் மதுரையையே கட்டாதே. பழையதோடு ஒப்பிட்டு ஒப்பிட்டே நாளைக் கழிப்பாய். வேறு ஊர் கட்டு. ராமேஸ்வரம் கட்டிப் பார், கடலுக்கு மேலே ரயில் பாலம் போட இடம் இருக்கும். அம்மாவின் முட்டிக்கு டாக்டர் என்ன சொன்னார் என்பதையும் அடுத்த கடிதத்தில் முழு வரியாக எழுது.

அன்புடன்,
அக்கா