உதிரும் கல்: ராபகிவி கிரானைட் ஓர் அறிமுகம்

வேப்பூர், விருத்தாசலம் பக்கத்து நண்பர்களுக்கு ஃபெல்ட்ஸ்பாரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் மூணும் சேர்ந்தால் பீங்கான். சூளையில் முதலில் உருகி, மற்ற இரண்டையும் பிடித்துவைக்கிறது ஃபெல்ட்ஸ்பார்தான். அதே குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் கொஞ்சம் மைக்காவோடு பூமிக்குள்ளே மெதுவாக ஆறி இறுகினால் கிரானைட். அந்தக் குடும்பத்தில் ஒரு விசித்திரமான உறுப்பினர்தான் ராபகிவி.

பெயரும் தோற்றமும்

ராபகிவி பின்லாந்து மொழிச் சொல். உதிர்ந்துபோகும் கல் என்று பொருள் கொள்ளலாம். 1891-ல் செடர்ஹோம் என்ற பின்லாந்து நிலவியலாளர் இதை விரிவாக எழுதிய பிறகு உலகம் முழுக்க இந்தப் பெயர் நிலைத்தது.

கல்லை வெட்டி மெருகேற்றிப் பாருங்க. உருண்டையான பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள், பல சென்டிமீட்டர் அளவில் இருக்கும். ஒவ்வொன்றையும் சுற்றி பிளேஜியோகிளேஸ் என்ற சோடியம்-கால்சியம் ஃபெல்ட்ஸ்பார் ஓர் உறை போலப் படிந்திருக்கும். கடையில் 'பால்டிக் பிரவுன்' என்று விற்கும் சமையல் மேடைக் கல் இந்த இனம்தான். உறை இல்லாத உருண்டைகள் நிறைந்த வகைக்கு பைட்டர்லைட் என்று பெயர்.

எப்படி உருவானது?

முதல் கேள்வி: வெப்பம் எங்கிருந்து வந்தது? மேன்டிலில் இருந்து ஏறிய பசால்ட் குழம்பு, கண்டப் புவியோட்டின் அடியில் வந்து தங்கியது. அதை அடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்க. அதன் சூட்டில் மேலே இருந்த பழைய பாறை உருகிக் கிரானைட் குழம்பானது. இதனால்தான் ராபகிவி இருக்கும் இடங்களில் பெரும்பாலும் கேப்ரோ, அனார்த்தோசைட், டோலரைட் டைக் போன்ற கரும்பாறைகளும் கூடவே இருக்கின்றன.

இரண்டாவது கேள்வி: உறை எப்படி வந்தது? ஆழத்தில் அதிக அழுத்தத்தில் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் படிகமாக வளர்கிறது. குழம்பு மேலே ஏறும்போது அழுத்தம் குறைகிறது. வளர்ந்த படிகம் ஓரங்களில் மறுபடி கரைந்து உருண்டையாகிறது. புதிய நிலையில் படிவது பிளேஜியோகிளேஸ். அது உருண்டையைப் போர்த்திக்கொள்கிறது. சூடான வேறொரு குழம்பு வந்து கலந்தாலும் இதே விளைவு வரலாம் என்பது இன்னொரு விளக்கம். இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. இடத்துக்கு இடம் விடை மாறலாம்.

எங்கே கிடைக்கிறது?

தாயகம் தென்கிழக்கு பின்லாந்தின் வீபோர்க் பகுதி. சுமார் 163 கோடி ஆண்டு வயது. சுவீடன், உக்ரைன், கிரீன்லாந்து, கனடாவின் லாப்ரடார், அமெரிக்கா, பிரேசில், சீனா என்று பல நாடுகளில் உண்டு. பிரேசிலின் பிட்டிங்காவில் இந்த வகைக் கிரானைட்டோடு தகரத் தாதுவும் கிடைக்கிறது. பெரும்பாலானவை 180 கோடி முதல் 100 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானவை.

நம்ம பக்கம்? வேப்பூர் வட்டாரத்தின் அடியில் இருப்பது நைஸ், சார்னோக்கைட் வகைக் கடினப் பாறைகள். கிழக்கே நெய்வேலி பக்கம் போனால் படிவுப் பாறைகள். வட தமிழகத்தின் அடிப்பாறைகளும், கர்நாடகத்தின் குளோஸ்பேட் கிரானைட்டும் சுமார் 250 கோடி ஆண்டு பழையவை. சங்ககிரி கிரானைட்டோ சுமார் 55 கோடிதான். இரண்டுமே ராபகிவியின் பொற்காலத்துக்கு வெளியே நிற்கின்றன. ஒட்டன்சத்திரத்திலும் கடவூரிலும் அனார்த்தோசைட் உண்டு. ஆனால் உறவுக்காரப் பாறை இருப்பதால் மட்டும் ராபகிவி இருப்பதாகச் சொல்லிவிட முடியாது. குளோஸ்பேட்டில் பெரிய இளஞ்சிவப்புப் படிகங்கள் தெரியும். பெரிய படிகம் வேறு, உறை போர்த்திய உருண்டை வேறு.

இன்ஜினியருக்கு ஏன் தேவை?

பெயரிலேயே எச்சரிக்கை இருக்கு. வெவ்வேறு கனிமங்கள் சூட்டில் வெவ்வேறு அளவில் விரியும். படிகம் பெரிசாக இருந்தால் எல்லைகளில் விழும் இழுவிசையும் பெரிசு. வெயிலும் உறைபனியும் மாறி மாறி அடிக்க, கல் சரளையாகக் கொட்டிவிடும். அதே சமயம், பீட்டர்ஸ்பர்க்கில் 1834-ல் திறக்கப்பட்ட அலெக்சாண்டர் தூண் ஒரே ராபகிவிக் கல்லில் செதுக்கியது. உயரம் சுமார் 25 மீட்டர், எடை சுமார் 600 டன். இன்றும் நிற்கிறது! ஆகவே கல்லின் பெயர் மட்டும் தரத்தைச் சொல்லாது. எந்தக் குவாரி, எந்த அளவு சிதைவு என்பதே முக்கியம்.

நாளைக்கு சைட்டில் ஒரு லோடு ஜல்லி வந்து இறங்கும்போது மூணு விஷயம் பாருங்க. படிகம் எவ்வளவு பெரிசு? ஃபெல்ட்ஸ்பார் பளபளக்கிறதா, இல்லை மாவு பூத்த மாதிரி மங்கியிருக்கிறதா? சுத்தியலால் தட்டினால் 'கணீர்' என்கிறதா, 'பொத்' என்கிறதா? மங்கி, பொத்தென்று ஒலித்தால் ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாக மாறத் தொடங்கிவிட்டது என்று சந்தேகப்படலாம். பீங்கானுக்கு அந்தக் களிமண் வரவு. கான்கிரீட்டுக்கு அது செலவு. சந்தேகம் வந்தால் லாபுக்கு அனுப்பி நொறுங்கு மதிப்பும் நீர் உறிஞ்சலும் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்க.