பொய்த் தலைப்பு மின்னஞ்சலும் மாநிலச் சட்டமும்
(வணிகர்களுக்கு ஒரு சட்டப் பாடம்)

பிஸ்மில்லாஹ் சொல்லிக் கடையைத் திறந்து அமர்ந்ததும் இக்காலத்தில் முதலில் நம் கண்ணில் படுவது வாடிக்கையாளர் முகமன்று, மின்னஞ்சற் பெட்டியே. கொள்முதல் உத்தரவும், கப்பற் சரக்கு விவரமும், பாக்கிப் பட்டியலும் வந்து சேரும் அதே வாசல் வழியாக, நாம் கேளாத விளம்பரங்களும் கும்பல் கும்பலாக நுழைகின்றன. இவற்றை ஆங்கிலத்தில் 'ஸ்பாம்' என்பர். 1937-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பன்றியிறைச்சி டின் ஒன்றின் வணிகப் பெயரே அது. நமக்கு ஆகாத பண்டத்தின் பெயரே இதற்கு வாய்த்தது பொருத்தந்தான்!

இவற்றை அழித்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டியதுதானா? அல்லது அனுப்பியவன்மீது வழக்குத் தொடுத்து நஷ்டஈடு பெற வழியுண்டா? அமெரிக்க மாநிலங்கள் கால் நூற்றாண்டுக்கு மேலாக இவ்வினாவுக்கு விடை தேடி வருகின்றன. அவற்றுள் வாஷிங்டன் மாநிலத்தின் அனுபவத்தை நாம் இங்குப் பாடமாக எடுத்துக் கொள்வோம். இது தலைநகரமான வாஷிங்டன் அன்று. சியாட்டில் நகரம் அமைந்துள்ள மேற்குக் கரை மாநிலமாகும்.

1. சட்டம் தடுப்பது எதை?

வாஷிங்டன் மாநிலம் 1998-ஆம் ஆண்டில் வணிக மின்னஞ்சல் பற்றித் தனிச் சட்டம் இயற்றியது. விளம்பரம் அனுப்புவதையே அது குற்றமாக்கவில்லை. இரண்டு வகைப் பொய்களை மட்டுமே தடுத்தது.

முதலாவது, அஞ்சல் எங்கிருந்து வருகிறது என்பதை மறைப்பது. பிறருக்குச் சொந்தமான இணையப் பெயரை அனுமதியின்றிப் போட்டு அனுப்புவது இதில் அடங்கும். அடுத்த கடைக்காரரின் பெயர்ப் பலகையைக் கழற்றிவந்து நம் கடையில் மாட்டிக்கொண்டு மட்டமான சரக்கை விற்பதற்கு ஒப்பானது இது. சரக்கை வாங்கி ஏமாந்தவர் யாரை ஏசுவார்? பலகைக்குரியவரைத்தான். அஞ்சல் உலகிலும் அப்படியே. திரும்பி வரும் அஞ்சல்களும் வசைமொழிகளும் பெயருக்குரிய அப்பாவியின் தலையில் வந்து விழுகின்றன.

இரண்டாவது, அஞ்சலின் பொருள் வரியில் பொய்யானதோ மயக்கம் தருவதோ ஆன செய்தியை எழுதுவது. பொருள் வரியைப் பார்த்தே அஞ்சலைத் திறக்கிறோமாதலால், அவ்வரி பொய்த்தால் நம் நேரம் திருடப்படுகிறது.

இத்தகைய அஞ்சலைப் பெற்றவர் தாமே வழக்குத் தொடுக்கலாம் என்பதே இச்சட்டத்தின் சிறப்பு. தமக்கு உண்டான நஷ்டம் அல்லது 500 அமெரிக்க டாலர், இவற்றில் எது அதிகமோ அதனைக் கேட்கலாம் என்று 1998-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. அஞ்சற் சேவை நடத்தும் நிறுவனத்துக்கு 1,000 டாலர். ஓர் அஞ்சலால் விளைந்த நஷ்டத்தைக் காசுக் கணக்கில் காட்டுவது எளிதன்று. ஆகவேதான் தொகையைச் சட்டமே குறித்து வைத்தது.

2. ஒரு வழக்கின் கதை

பக்கத்து மாநிலமான ஒரேகனில் ஓர் இளைஞர், இணையத்தில் பணம் சம்பாதிப்பது எப்படி என்ற சிறு கையேட்டை 39.95 டாலருக்கு விற்றுவந்தார். அதை விளம்பரப்படுத்த வாரந்தோறும் 1 லட்சம் முதல் 10 லட்சம் வரை மின்னஞ்சல்களை அனுப்பினார். சரியான முகவரிக்குத்தான் எழுதியிருக்கிறேனா என்று பழகிய நண்பர் கேட்பதுபோல் பொருள் வரி அமைந்திருந்தது. திறந்து பார்த்தாலோ நீண்ட விற்பனை விளம்பரம்!

வாஷிங்டன் மாநில அட்டர்னி ஜெனரல் 1998 அக்டோபரில் அவர்மீது வழக்குத் தொடுத்தார். மாநிலங்களுக்கு இடைப்பட்ட வாணிபத்தில் ஒரு மாநிலம் தலையிடலாகாது, அது அரசியலமைப்புக்கு முரண் என்று கூறி, 2000-ஆம் ஆண்டில் கீழ்க் கோர்ட்டு வழக்கைத் தள்ளிவிட்டது. ஆனால் 2001 ஜூனில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒருமனதாக அத்தீர்ப்பை மாற்றினர். அவர்கள் கூறிய காரணத்தை வணிகராகிய நாம் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். இச்சட்டம் வாணிபர்மீது சுமத்தும் கடமை உண்மை பேசுதல் ஒன்றே. அது வாணிபத்துக்குப் பாரமன்று, வஞ்சகத்தை நீக்கி வாணிபத்துக்குத் துணை செய்வதே என்றனர். பொய் அஞ்சலின் செலவை அனுப்புவோன் தாங்குவதில்லை, பெறுவோரும் அஞ்சற் சேவையாளரும் பெயரைப் பறிகொடுத்தோருமே தாங்குகின்றனர் என்பதையும் சுட்டிக் காட்டினர்.

முடிவில் அந்த இளைஞருக்கு விதித்த அபராதம் 2,000 டாலர்தான். ஆனால் அவர் தலையில் விழுந்த வழக்குச் செலவு அதைப் பன்மடங்கு மிஞ்சியது.

3. மத்திய சட்டம் வந்த பின்

2003 டிசம்பரில் அமெரிக்க மத்திய அரசு நாடு முழுமைக்குமான ஸ்பாம் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2004 ஜனவரி 1 முதல் அது அமலாயிற்று. அதன்படி அஞ்சலைப் பெறும் சாமானியர் மத்திய சட்டத்தின் கீழ் வழக்காட முடியாது. அரசு அதிகாரிகளும், இணையச் சேவை நடத்துவோருமே முடியும். மேலும், மாநிலங்களின் கடுமையான விதிகளை அது செல்லாதனவாக்கியது. முன் அனுமதியின்றி விளம்பர அஞ்சல் அனுப்பவே கூடாதென்று கலிபோர்னியா இயற்றிய விதியும் இவ்வாறே வலுவிழந்தது.

ஆயினும் ஒரு வாசல் திறந்தே இருந்தது. பொய்யையும் வஞ்சகத்தையும் தடுக்கும் மாநிலச் சட்டங்கள் நிலைக்கும் என்று மத்திய சட்டமே விலக்கு அளித்தது. வாஷிங்டன் சட்டமும், ஓர் அஞ்சலுக்கு 1,000 டாலர் வரை கோர இடந்தரும் கலிபோர்னியாவின் வஞ்சகத் தடைப் பிரிவும் இந்த வாசலில்தான் உயிர்வாழ்கின்றன.

சட்டம் எழுதுவோர் அளவறிந்து எழுத வேண்டும் என்பதற்கு வர்ஜினியா மாநிலம் சான்று. அங்குப் பொய் முகவரியிட்ட மொத்த அஞ்சலைச் சிறைத்தண்டனைக் குற்றமாக்கினர். வணிக நோக்கமில்லாமல், பெயர் வெளியிடாது அரசியல் கருத்தும் சமயக் கருத்தும் அனுப்புவோரையும் அது தண்டிக்கும் என்பதால், 2008-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அதனை ரத்துச் செய்தது.

4. வழக்காடுவோர் அறிய வேண்டியவை

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. எழுத்தில்லாத உரிமை சபையில் ஏறாது. இங்கும் அதுவே விதி.

அ) அஞ்சலை அழிக்கலாகாது. அச்சிட்ட தாள் மட்டும் போதாது. அஞ்சல் வந்த பாதையைக் காட்டும் முழுத் தலைக்குறிப்புடன் மூல வடிவிலேயே சேமித்து வைக்க வேண்டும்.

ஆ) எந்தப் பொய் எந்த வரியில் உள்ளது என்று சொல்ல வேண்டும். தொல்லையாக இருந்தது என்பது மட்டும் வழக்காகாது.

இ) பெறுபவர் வாஷிங்டன் மாநிலத்தவர் என்பது அனுப்பியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது தெரிந்துகொள்ள வழி இருந்திருக்க வேண்டும்.

ஈ) அஞ்சலை அனுப்பியவர் மட்டுமல்லர், அனுப்பத் துணைநின்றவரும் அச்சட்டத்தில் பொறுப்பாவார். "விளம்பரக் கம்பெனிதான் அனுப்பியது, எமக்குத் தெரியாது" என்று முதலாளி கைகழுவிவிட முடியாது.

உ) வழக்கையே தொழிலாகக் கொள்ளலாகாது. ஸ்பாம் அஞ்சல்களை வேண்டுமென்றே சேர்த்து வழக்குமேல் வழக்காகத் தொடுத்த ஒருவரின் பிராதை 2009-இல் மத்திய மேல் முறையீட்டு நீதிமன்றம் நிராகரித்தது. அவர் உண்மையான சேவையாளருமல்லர், உண்மையான நஷ்டம் அடைந்தவருமல்லர் என்றும், தலைக்குறிப்பில் உள்ள சிறு குறைகள் வஞ்சகமாகா என்றும் கூறிவிட்டது.

சட்டத்தில் குறித்த தொகைகள் திருத்தங்களால் மாறக்கூடியவை. ஆகவே நடப்புச் சட்டத்தை வக்கீலிடம் கேட்டறிந்த பின்னரே படியேற வேண்டும்.

5. விற்பவர் நாமாக இருந்தால்?

இதுவரை பெறுவோர் பக்கம் நின்று பேசினோம். ஆனால் நம்மில் பலரும் பெருநாள் விற்பனைக்கும் புதுச் சரக்குக்கும் அஞ்சல் அனுப்புகிறவர்களே. நமக்கு மிகவும் வேண்டிய பாடம் 2025 ஏப்ரலில் வந்தது. "இன்றே கடைசி நாள்" என்று பொருள் வரியில் எழுதிவிட்டு, மறுநாளும் அதே தள்ளுபடியைத் தொடர்ந்ததாக ஒரு பெரிய ஆடை நிறுவனத்தின்மீது வழக்கு வந்தது. பொருள் வரியில் உள்ள எந்தப் பொய்ச் செய்தியும் சட்டத்துக்கு விரோதமே என்று வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் சட்டத்துக்குப் பொருள் கூறியது. வெறும் புகழ்ச்சொல் வேறு; நாள், விலை, தள்ளுபடி பற்றிய பொய் வேறு.

நம் கரையிலும் இது பொருந்தும். சிங்கப்பூரில் 2007-ஆம் ஆண்டின் ஸ்பாம் கட்டுப்பாட்டுச் சட்டம் உள்ளது. ஒரே பொருள் பற்றி 24 மணி நேரத்தில் 100-க்கு மேலோ, 30 நாளில் 1,000-க்கு மேலோ, ஓராண்டில் 10,000-க்கு மேலோ கேளாத விளம்பரச் செய்தி அனுப்புவோரை அது கட்டுப்படுத்துகிறது. விளம்பரம் என்பதைக் குறிக்கும் 'ஏ.டி.வி.' என்ற எழுத்துகள் வேண்டும். விலகிக்கொள்ள வழி வேண்டும். பொருள் வரி மயக்கலாகாது. நஷ்டமடைந்தவர் ஒரு செய்திக்கு 25 வெள்ளி வரை கோரலாம். 2021 முதல் கைப்பேசி உடனடிச் செய்திகளும் இதில் அடங்கும். மலேசியாவிலும் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, தம் தகவலை நேரடி விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாகாது என்று வாடிக்கையாளர் எழுத்து மூலம் தடுக்கலாம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் கைவிட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியைக் கடிந்துகொண்ட சம்பவத்தை நாம் அறிவோம். பொருள் வரி என்பது குவியலின் மேற்புறம். அஞ்சலின் உள்ளடக்கம் அடிப்புறம். மேலே காய்ந்ததும் உள்ளே ஈரமுமாக வைத்து விற்பதைத்தான் இச்சட்டங்களும் தடுக்கின்றன.

ஆகவே, நம் பெட்டிக்கு வரும் பொய்யைச் சட்டப்படி எதிர்ப்போம். நம் கடையிலிருந்து போகும் அஞ்சலிலும் பொய் கலவாமற் காப்போம். வல்ல அல்லாஹ் நம் வாணிபத்தில் நேர்மையையும் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.