கிட்டார் கற்கலாம் வாங்க! (முதல் முப்பது நாள் பாடம்)



இந்தச் சுவர் இதழுக்குக் கிட்டார் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் எங்கள் தமிழ் ஐயா சிரித்துவிட்டார். “தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலை அடிகள் பெயரில் இருக்கிற ஊர்டா இது. வேதாசலம்ங்கிற பேரையே மறைமலைன்னு மாத்திக்கிட்டவர். அவர் ஊர்ல தலைப்பே கிட்டாரா? சரி, எழுது. ஆனா யாழைப் பத்தியும் ரெண்டு வரி எழுதணும்” என்றார். எழுதியிருக்கிறேன் ஐயா. பொறுமையாகப் படிக்கவும்.

நான் ஒன்றும் பெரிய கலைஞன் இல்லை. கிட்டாரைத் தொட்டு நான்கு மாதம்தான் ஆகிறது. முதல் பத்து நாளிலேயே அதைத் தூக்கிப் பரணில் போட்டவன். ஏன் போட்டேன், ஏன் திரும்ப எடுத்தேன் என்பதைச் சொன்னால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

கிட்டார் வந்த கதை

எங்கள் மாடி வீட்டில் ஓர் அண்ணன் வாடகைக்கு இருந்தார். கம்பெனியில் வேலை. வேறு மாநிலத்துக்கு மாற்றல் வந்தபோது பீரோ, கட்டில் எல்லாம் விற்றுவிட்டு, கிட்டாரை மட்டும் என்னிடம் கொடுத்தார். “வாசிச்சா வெச்சுக்க தம்பி. வாசிக்கலேன்னா வாசிக்கிறவனுக்குக் குடுத்துடு” என்றார்.

அன்று ராத்திரியே ஆரம்பித்தேன். ஒரு வாரத்தில் இடது கை விரல் நுனி நான்கும் சிவந்து வீங்கிவிட்டன. பேனா பிடிக்கலாம், ஆனால் சூடான டம்ளரைப் பிடிக்க முடியாது. சத்தமோ தகரத்தைத் தட்டியது போல இருந்தது. போதாததற்கு அப்பாவுக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட். பகலில் தூங்குவார். “அவரு தூங்குறாருடா, நிறுத்து” என்று அம்மா சத்தம் போட்டார். ‘நமக்கு இசை வராது, விரலும் சரியில்லை, காதும் சரியில்லை’ என்று முடிவு செய்து பத்தாம் நாள் பரணில் போட்டுவிட்டேன்.

அப்பா சொன்ன அரம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பரணில் ஸ்பேனர் தேடும்போது கிட்டார் கண்ணில் பட்டது. “ஏன்டா மேல போட்ட?” என்றார். விரலைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தன் உள்ளங்கையைக் காட்டினார். விரல் அடியில் வரிசையாகக் காய்ப்பு.

“ஐ.டி.ஐ.யில ஃபிட்டர் சேர்ந்தப்போ மெஷின் பக்கமே விடல. ஆளுக்கொரு இரும்புத் துண்டு, ஒரு அரம். ராவிக்கிட்டே இருக்கணும். நாலு பக்கமும் மட்டமா வர்ற வரைக்கும் ராவணும். கையெல்லாம் கொப்புளம். மூணு வாரத்துல தோல் தடிச்சுப் போச்சு. அப்புறம்தான் கை பேச்சைக் கேட்டுது. நீ பத்து நாள்ல விட்டுட்ட” என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. கிட்டாரைக் கீழே இறக்கினேன். இதுதான் முதல் பாடம்: விரல் வலிப்பது நமக்கு வராது என்பதற்கு அடையாளம் இல்லை. தோல் தடிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும், அவ்வளவுதான். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் வாசித்துவிட்டு ஒரு வாரம் விடுவதைவிட, தினமும் 15 நிமிடம் வாசிப்பது மேல். தோல் கிழிந்தால் மட்டும் ஆறும்வரை நிறுத்த வேண்டும்.

கம்பி எவ்வளவு உயரம்?

அப்பா அடுத்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார். பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு மேல் 6ஆம் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்தார். 4 மி.மீ. இருந்தது. (கழுத்தின் மேல் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைதான் ஃபிரெட். வீணையில் இதை மெட்டு என்பார்கள்.) ஸ்டீல் கம்பி போட்ட கிட்டாரில் இந்த இடத்தில் ஏறக்குறைய 2.5 மி.மீ. இருந்தால் போதும். உயரம் கூடினால் அழுத்தப் பலம் அதிகம் வேண்டும், விரல் வலிக்கும். என் வலிக்குப் பாதிக் காரணம் இதுதான்!

கம்பியைத் தாங்கும் கீழ்க் கட்டையில் சேடில் என்று ஒரு வெள்ளைப் பட்டை இருக்கும். கம்பிகளைக் கழற்றி, அந்தப் பட்டையை உருவி, அதன் அடிப்பக்கத்தை உப்புத்தாளில் வைத்துத் தேய்த்தார். எவ்வளவு தேய்க்க வேண்டும்? இங்கேதான் நம் பத்தாம் வகுப்பு வடிவொத்த முக்கோணம் வருகிறது. 12ஆம் ஃபிரெட் கம்பியின் சரிபாதியில் இருக்கிறது. ஆகவே அங்கே 1 மி.மீ. குறைய வேண்டும் என்றால் சேடிலில் 2 மி.மீ. குறைக்க வேண்டும். அப்பா 2 மி.மீ. தேய்த்து 3 மி.மீ. உயரத்துக்குக் கொண்டுவந்தார். “இதுக்கு மேல ராவினா பட்டையே மிஞ்சாது” என்று நிறுத்திவிட்டார். தெரியாதவர்கள் இதைத் தானே செய்ய வேண்டாம், இசைக்கருவிக் கடையில் கொடுத்துச் செய்துகொள்ளலாம்.

புதிதாக வாங்குபவர்களுக்கு: நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார் விரலுக்கு மென்மை. ஸ்டீல் கம்பி கிட்டாருக்குச் சத்தம் கணீர் என்று இருக்கும், வலியும் கூடுதல். நைலான் கிட்டாரில் ஸ்டீல் கம்பியை மாட்டவே கூடாது. இழுவிசை தாங்காமல் கீழ்க் கட்டை பெயர்ந்துவிடும். ஷீட் கூரைக்கு அடியிலும் வெயிலிலும் கிட்டாரை வைக்காதீர்கள். மரம் வளையும். என் கிட்டார் பரணில் இருந்ததற்கு நான் இன்னும் வருந்துகிறேன்.

ஆறு கம்பி, ஒரு வாக்கியம்

கிட்டாரை மடியில் வைத்தால் மேலே இருக்கும் தடித்த கம்பி 6ஆம் கம்பி. கீழே இருக்கும் மெல்லிய கம்பி 1ஆம் கம்பி. மேலிருந்து கீழாகப் பெயர்கள்: இ, ஏ, டி, ஜி, பி, இ. ஞாபகம் வைக்க நான் ஒரு வாக்கியம் கட்டியிருக்கிறேன்:

“இரவு ஏழுக்கு டியூட்டி, ஜி.எஸ்.டி. பிஸி, இருங்கப்பா!”

நம் ஊர்க்காரர்களுக்கு இது மறக்காது.

தடித்த இ கம்பி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 82 முறை அதிர வேண்டும். ஏ கம்பி 110, டி 147, ஜி 196, பி 247, மெல்லிய இ கம்பி 330. சுருதி கூட்டாமல் வாசித்தால் என்ன செய்தாலும் தகரச் சத்தம்தான் வரும். எனக்கு வந்ததும் அதனால்தான், காது காரணமில்லை. செல்போனில் இலவசமாகவே ட்யூனர் ஆப் கிடைக்கிறது. அது இல்லாமலும் சரிபார்க்கலாம். 6ஆம் கம்பியை 5ஆம் ஃபிரெட்டில் அழுத்தினால் வரும் ஒலியும், 5ஆம் கம்பியைச் சும்மா மீட்டினால் வரும் ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்தடுத்த கம்பிகளுக்கும் இப்படியே. ஜி கம்பியிலிருந்து பி கம்பிக்குப் போகும்போது மட்டும் 4ஆம் ஃபிரெட்.

நம் ஆய்வகத்துச் சுரமானியும் இதுவும் ஒன்றே

இயற்பியல் ஆய்வகத்தில் சுரமானி வைத்துச் சோதனை செய்தது நினைவிருக்கிறதா? கம்பியின் நீளம் குறைந்தால் அதிர்வெண் கூடும். இழுவிசை கூடினால் அதிர்வெண் கூடும். கம்பி தடித்திருந்தால் அதிர்வெண் குறையும். கிட்டாரில் மூன்றுமே இருக்கின்றன. ஃபிரெட்டில் அழுத்துவது நீளத்தைக் குறைக்க, திருகாணி இழுவிசைக்கு, ஆறு கம்பியும் ஆறு தடிமனில் இருப்பது மூன்றாவது விதிக்கு.

ஒவ்வொரு ஃபிரெட்டும் அரைச் சுரம். 12 ஃபிரெட் ஏறினால் நீளம் பாதி, அதிர்வெண் இரட்டிப்பு, அதாவது மேல் ஸ. நம் கர்நாடக இசையிலும் ஒரு ஸ்தாயிக்கு 12 சுரத்தானங்கள்தானே! 7ஆம் ஃபிரெட்டில் அழுத்தினால் மீதி நீளம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. அதுதான் ப.

ஐயா கேட்ட யாழ் இங்கே வருகிறது. பழந்தமிழில் கம்பியை நரம்பு என்றார்கள். யாழில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நரம்பு. வீணையிலும் கிட்டாரிலும் ஒரே கம்பியை மெட்டில் அழுத்திப் பல சுரம் எடுக்கிறோம். யாழ் பற்றி மேலும் படிக்க விரும்பினால் விபுலானந்த அடிகளின் ‘யாழ் நூல்’ (1947) இருக்கிறது.

நான் செய்த பயிற்சி

முதல் வாரம்: ஒரே கம்பி. 1, 2, 3, 4 ஆகிய ஃபிரெட்டுகளில் ஆள்காட்டி, நடு, மோதிர, சுண்டு விரல்களை வரிசையாக வைத்து மீட்டுங்கள். ஃபிரெட் பட்டையின் மேலேயே அழுத்தாமல், அதை ஒட்டித் தலைப்பக்கமாக அழுத்த வேண்டும். பாதிப் பலம் போதும், ஒலியும் தெளிவாக வரும். கட்டைவிரல் கழுத்துக்குப் பின்னால் இருக்கட்டும். இதுதான் அப்பா சொன்ன அரம் ராவுவது!

இரண்டாம் வாரம்: அதே கம்பியில் சரளி வரிசை. சும்மா மீட்டுவது ஸ. பிறகு 2, 4, 5, 7, 9, 11, 12 ஆகிய ஃபிரெட்டுகள் முறையே ரி, க, ம, ப, த, நி, ஸ. இது 29ஆவது மேளம் சங்கராபரணம். மேல்நாட்டார் இதை மேஜர் ஸ்கேல் என்கிறார்கள். பாட்டு டீச்சர் சரளி வரிசை சொல்லித் தரும் மாயாமாளவகௌளை வேண்டுமென்றால் ஃபிரெட்டுகள் 1, 4, 5, 7, 8, 11, 12. டீச்சர் சரிபார்த்துவிட்டார்கள்.

மூன்றாம் வாரம்: முதல் கார்டு, இ மைனர். 5ஆம் கம்பியிலும் 4ஆம் கம்பியிலும் 2ஆம் ஃபிரெட்டை அழுத்தி ஆறு கம்பியையும் மீட்டவும். இரண்டே விரல்! பிறகு ஏ மைனர்: 2ஆம் கம்பியில் 1ஆம் ஃபிரெட்டை ஆள்காட்டி விரலும், 4ஆம் கம்பியில் 2ஆம் ஃபிரெட்டை நடுவிரலும், 3ஆம் கம்பியில் 2ஆம் ஃபிரெட்டை மோதிர விரலும் அழுத்தும். 6ஆம் கம்பியைத் தொட வேண்டாம்.

நான்காம் வாரம்: ஏ மைனரிலிருந்து சி மேஜர். மோதிர விரலை மட்டும் 5ஆம் கம்பியின் 3ஆம் ஃபிரெட்டுக்கு மாற்றினால் போதும், மற்ற இரண்டு விரலும் அசையாது. வாயால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எண்ணி, நான்குக்கு ஒருமுறை கார்டை மாற்றுங்கள். மெதுவாக, ஆனால் நிற்காமல்.

வீட்டில் ஷிப்ட் முடிந்து தூங்குபவர்கள் இருந்தால் ஒரு வழி: கீழ்க் கட்டைக்குப் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு ஒரு துண்டைச் செருகிவிடுங்கள். ஒலி அடங்கிவிடும், விரலுக்குப் பயிற்சி கிடைக்கும். நான் அப்படித்தான் இரண்டு மாதம் பழகினேன்.

இவர்களும் இப்படித் தொடங்கியவர்களே

பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்த இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் கற்று, லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். 1976இல் ‘அன்னக்கிளி’க்கு இசையமைப்பதற்கு முன், மற்றவர்களின் பாடல் பதிவுகளில் கிட்டார் வாசித்தவர் அவர். கர்நாடக இசையைக் கிட்டாரில் உலகெங்கும் வாசிக்கும் பிரசன்னா, ராணிப்பேட்டையில் பிறந்தவர். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்தவர். ராணிப்பேட்டையும் நம் ஊர் போலத் தொழிற்சாலை ஊர்தான் என்பதைக் கவனியுங்கள்!

முடிவாக

எனக்கு இன்னும் எஃப் கார்டு வரவில்லை. ஒரே விரலால் ஆறு கம்பியையும் அழுத்த வேண்டும். இரண்டு கம்பி மட்டும் ஊமையாகவே இருக்கின்றன. பார்க்கலாம். விரல் நுனியில் மட்டும் இப்போது சின்னதாகக் காய்ப்பு இருக்கிறது. சூடான டம்ளரைத் தைரியமாகப் பிடிக்கிறேன்.

போன வாரம் அப்பாவுக்கு மறுபடியும் நைட் ஷிப்ட். காலையில் வந்து படுத்தார். நான் வழக்கம்போல ஸ்பாஞ்சைச் செருகினேன். உள்ளேயிருந்து குரல் வந்தது: “அதை எடுத்துட்டு வாசிடா. தூக்கம் வந்தா தூங்கிக்கிறேன்.”

எடுத்துவிட்டு வாசித்தேன். ஏ மைனர், சி மேஜர், இ மைனர் மூன்றையும் மாற்றி மாற்றி வாசித்தேன். கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம் கேட்டது. அதைவிடப் பெரிய கைதட்டல் எனக்கு வேண்டாம்.

கிட்டார் இல்லாதவர்களும் மதிய இடைவேளையில் என்னிடம் வரலாம். கிட்டார் ஒன்றுதான், ஆனால் ஆளுக்கு ஐந்து நிமிடம் முறை வைத்துக்கொள்ளலாம். மாடி வீட்டு அண்ணன் சொன்னது போல, வாசிப்பவர் கையில்தான் அது இருக்க வேண்டும்.

சிந்திக்க ஒரு கணக்கு: ஒரு கிட்டார் கம்பியின் முழு நீளம் 650 மி.மீ. மேல் ஸ ஒலிக்கும் ஃபிரெட், கம்பியின் தலைமுனையிலிருந்து எத்தனை மி.மீ. தூரத்தில் இருக்கும்? விடையைத் துண்டுச் சீட்டில் எழுதி இந்தப் பலகைக்குக் கீழே உள்ள பெட்டியில் போடவும். சரியான விடை அடுத்த இதழில்.



— பதினொன்றாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவன்