திருந்துதலும் திருத்துதலும்

'திருந்து' என்னுஞ் சொல்லை இக்காலத்தில் நாம் பெரும்பாலும் ஒருவரைக் கண்டிக்கும்போதே எடுத்தாளுகின்றோம். 'இவன் திருந்தமாட்டான்' என்றவுடன், கேட்போர் களவோ கள்ளோ என்றே எண்ணுவர். அச்சொல்லின் பொருட்பரப்பு அத்துணைக் குறுகியதன்று.

சங்கச் செய்யுட்களிற் பயிலும் 'திருந்திழை' என்னுந் தொடரை நோக்குக. திருந்திய அணிகலனை உடையாள் என்பது பொருள். வினைத்தொகைப் புறத்துப் பிறந்த அன்மொழித்தொகை என மேல்வகுப்பு மாணவர் கூறுவர். அவ்விழை முன்னர்த் தீநெறியிற் சென்று பின்னர் நல்வழிப்பட்டது என்று எவருங் கொள்ளார். செவ்விதாக அமைந்தது என்பதே ஆண்டுப் பொருள். வன்னியிலே காடு திருத்தி வயலாக்கினோரும், தெருவோரத்திலே துவிச்சக்கரவண்டி திருத்துவோரும் இப்பழம்பொருளையே பேணி வந்துள்ளனர். தமிழகத்தார் வண்டியைப் பழுதுபார்ப்பர். நம் வழக்கே நமக்கு இனிது.

வருந்து, வருத்து எனவும் பொருந்து, பொருத்து எனவும் வருவனபோல, திருந்து என்னுந் தன்வினையின் மெல்லொற்று வல்லொற்றாகத் திருத்து என்னும் பிறவினை பிறக்கும். சிவப்பு மைகொண்டு கொப்பியில் நாம் செய்வது திருத்துதல். மாணவன் மறுமுறை பிழையற எழுதுவதே திருந்துதல். இதனை அவனுக்காக நாம் செய்தல் இயலாது. 'திருத்தம்' என்னும் பெயர் இரண்டற்கும் பொதுவாய் நிற்றலின், திருத்தஞ் செய்துவிட்டமையால் மாணவன் திருத்தமாக எழுதுவான் என்று ஆசிரியர் ஏமாறுவதும் உண்டு.

இச்சொல்லால் நாமும் ஒருமுறை பிழைபட்டோம். ஆறாம் வகுப்பு மாணவனொருவனின் தேர்ச்சி அறிக்கையிலே, அவன் கையெழுத்தை மனத்திற்கொண்டு, 'திருந்த வேண்டும்' என்று மட்டும் எழுதிவிட்டோம். மூன்றாம் நாள் தந்தையார் மகனைக் கையிற் பிடித்து அழைத்துவந்து, "மாஸ்டர், இவன் என்ன குழப்படி செய்தவன்? அடிச்சுக் கேட்டும் சொல்லுறானில்லை" என்றார். பையனின் முழங்காலுக்குக் கீழே பூவரசங்கம்பின் தழும்பு இருந்தது. சொல்வதற்கு அவனிடம் ஒன்றும் இருக்கவில்லை. எழுவாயை விடுத்தவர் நாம், அடிபட்டவன் அவன். கொப்பியை விரித்துக் காட்டி, கையெழுத்தைக் குறித்தே எழுதினோம் எனக் கூறியபோது, தந்தையார் நெடுநேரம் வாய்திறந்தாரல்லர்.

அன்றுதொட்டு 'கையெழுத்துத் திருந்த வேண்டும்' என எழுவாயோடேயே எழுதி வருகின்றோம். அம்மாணவனின் எழுத்து அடுத்த தவணையிலே திருந்திற்று, ழகரம் ஒன்று நீங்கலாக.