வேலைக்கு எந்தத் தொலைபேசி நல்லது?

பலெர்மோவில் வீடு துப்புரவு, முதியோர் பராமரிப்பு என்று சிறுதொழில் தொடங்குபவர்கள் கேட்பது: வீட்டு லைனா, கைத்தொலைபேசியா? பகல் முழுக்க வெளியில நிற்கிறவருக்கு வீட்டு லைன் எதற்கு? மணி அடிச்சு ஓயும், சிஞ்ஞோரா அடுத்த ஆளைக் கூப்பிடுவா. கைத்தொலைபேசியே போதும்.

ஆனால் சிம்மை உங்கட பெயரிலேயே எடுங்கோ. அடையாளப் பத்திரமும் கோதிச்சே பிஸ்காலேயும் கேட்பார்கள். அவசரத்துக்குக் கூட்டாளியின் பெயரில் எடுத்தால், பிணக்கு வரும் நாளில் இலக்கமும் போகும், வாடிக்கையாளரும் போவார்கள். உங்கட பெயரில் இருந்தால் கம்பனி மாறினாலும் அதே இலக்கத்தை வைத்திருக்கலாம். இத்தாலியில் கைத்தொலைபேசிக்கு 2002 முதல் இந்த வசதி உண்டு.

வீட்டு லைன் எடுத்தவர்கள் கவனிக்க: ஊரிலிருந்து அழைத்தாலும் 091இன் பூச்சியத்தை விடக்கூடாது, 0039 091 என்றே அடிக்கவேணும். 3இல் தொடங்கும் கைத்தொலைபேசி இலக்கத்துக்கு முன்னால் பூச்சியம் இல்லை.